மாமன் மடி

எனக்குச் சுகர் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் என்னைத் தெரிந்தவர்களில் பாதிப் பேரும், ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தங்கை வீட்டார் அத்தனை பேரும் ஒரு வருடமாக எனக்குச் சுகர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நினைக்க வைத்ததும் நான்தான். அதன் பலன் என்னவென்றால், தங்கை வீட்டுக்குப் போனால் எல்லாருக்கும் பால்கோவா வரும், எனக்கு மட்டும் சீனி போடாத காபி வரும். தெருவுக்கு நாலு பால்கோவாக் கடை உள்ள ஊரில் உட்கார்ந்து அந்தக் காபியைக் குடிக்கிற கொடுமை இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. இருந்தாலும் உண்மையைச் சொல்வதற்கு அந்தக் காபி மேல் என்று குடித்துவிடுவேன்.

உண்மை இதுதான். போன வருடம் சித்திரையில் ஒருநாள், நூல்மில்லில் ஷிப்டு முடித்துவிட்டு வந்து படுத்தேன். எழுந்து பார்த்தால் இடுப்புக்குக் கீழே கால் இருக்கிறது, ஆனால் சொன்னபடி கேட்கவில்லை. மதுரையில் காட்டினோம். முதுகுத்தண்டில் வீக்கம் என்றார்கள். மூன்று மாதத்தில் கால் திரும்பிவிட்டது. இடது கால் மட்டும் கொஞ்சம் இழுக்கும். மூத்திரப்பைக்குப் போகிற நரம்புதான் திரும்பவே இல்லை.

பை நிறைந்தால் எனக்குத் தெரியாது. முட்டுகிறது என்று நீங்கள் ஓடுவீர்களே, அந்த முட்டல் எனக்கு வராது. நானாகப் போய் நின்றால் ஒன்றும் இறங்காது. நினைக்காத நேரத்தில் தானாக வெட்டிக்கொண்டு இறங்கிவிடும். அதனால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மெல்லிய டியூப் ஒன்றை நானே உள்ளே விட்டு வடித்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். பழகிவிட்டால் பத்து நிமிட வேலை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்கு ஒரு சுத்தமான இடமும், உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் வேண்டும்.

கால் விழுந்தது எல்லாருக்கும் தெரியும். மூத்திரப்பை சங்கதி தெரிந்தவள் என் மனைவி முனீஸ்வரி ஒருத்திதான். நான்கு மணி நேரத்துக்கொருதரம் என் செல்போன் அலறும். மில்லில் ஏன் என்று கேட்டார்கள். சுகர் மாத்திரை என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அடிக்கடி பாத்ரூம் போவதற்கும் அது பொருந்திப் போனது. நாற்பத்தொரு வயது ஆம்பளை வேட்டியை நனைத்துக்கொள்கிறான் என்று ஊர் பேசுவதைவிடச் சுகர்க்காரனாக இருப்பது கௌரவம் என்று அன்றைக்குப் பட்டது.

என் தங்கை பொன்மணிக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்துத்தான் பிள்ளை தங்கியது. மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலுக்கு அவள் நடக்காத திங்கட்கிழமை இல்லை. பெண் பிள்ளை பிறந்தது. சிவரஞ்சனி என்று பேர் வைத்தார்கள். குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டபோது தாய்மாமன் மடியில்தானே பிள்ளையை வைக்க வேண்டும்? நான் போகவில்லை. காய்ச்சல் என்று பொய் சொன்னேன். சித்தப்பா மகன் ஒருவன் மடியில் வைத்து மொட்டை எடுத்தார்கள். அன்று சாயங்காலம் பொன்மணி போன் போட்டு, எனக்கு அண்ணன் இல்லையென்று நினைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நான் போனைப் பிடித்தபடி அடுப்படியில் நின்று அழுதேன். முனீஸ்வரி வந்து அடுப்பை அணைத்தாள்.

பத்து நாள் கழித்துப் பொன்மணியே மறுபடியும் கூப்பிட்டாள். பதினோராம் மாதம் காது குத்த நாள் பார்த்தாகிவிட்டதாம்.

"நீ வராம எம் பிள்ளைக்குக் காது குத்த மாட்டேன். வேற ஆரு மடியிலயும் வைக்கவும் மாட்டேன். மூளிக்காதோட திரியட்டும்" என்றாள்.

அவளுக்கு நான் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் அவளில்லை. அவள் புருஷன் ஜெயபாண்டி. கோர்ட்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்து, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிற ஆள். அந்த வாய் இருக்கிறதே, காலையில் ஷட்டரோடு திறந்தால் ராத்திரி ஷட்டரோடுதான் மூடும். எங்கள் பக்கம் மச்சான் மாப்பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் வாருவது வழக்கம்தான். ஆனால் இவனுக்கு அது தொழில். இவன் கல்யாணத்தன்று பந்தியில் நான் ரசவாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, எச்சில் இலை ஒன்று வழுக்கி, ரசத்தோடு போய் இவன் பெரியப்பா மடியில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருடமாக அந்தக் கதையை இவன் சொல்லாத விசேஷ வீடு இல்லை. ரசத்துக்கே ஆறு வருடமென்றால் இதற்கு எத்தனை வருடம் சொல்வான் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

போவதென்று முடிவானதும் முனீஸ்வரி, பெரியவர்கள் கட்டிக்கொள்கிற டயப்பர் மெடிக்கலில் இருக்கிறது, ஒருநாள் கட்டிக்கொண்டால் குடியா முழுகிவிடும் என்று மன்றாடினாள். பட்டுவேட்டிக்கு மேலே அது புடைத்துத் தெரியும், அந்த ஜெயபாண்டி கண்ணில் பட்டால் தொலைந்தேன் என்று மறுத்தேன். சண்டை வந்தது. நான் வேறொரு வழி வைத்திருந்தேன். முதல்நாள் மத்தியானத்திலிருந்தே தண்ணீரை நிறுத்திவிட்டேன்.

இருபது வருடமாக ஃபிட்டர். மெயின் வால்வை மூடிவிட்டால் அதற்குப் பிறகு எந்தக் குழாயில் ஒழுகும்? அவ்வளவுதான் என் கணக்கு. தண்ணீரைக் குறைத்தால் மூத்திரம் கெட்டிப்பட்டுப் பையை உறுத்தும், உறுத்தினால் இன்னும் வேகமாக வெட்டும் என்று அந்த நர்சம்மா தலைப்பாடாக அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். அவருக்கு மனித உடம்பைத்தான் தெரியும், குழாயைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்த மடையன் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வீட்டில் வடித்துக்கொண்டு கிளம்பினோம். பதினோரு மணி வரைக்கும் கவலையில்லை. ஒன்பதரைக்கெல்லாம் காது குத்திவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த சின்ன மண்டபத்துக்கு வந்தோம். நான் முதலில் போய்ப் பார்த்தது பாத்ரூமைத்தான். சமையல்கட்டுக்குப் பின்னால் ஒன்றே ஒன்று. சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கதவில் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் இருந்த ஓட்டையில் ஒரு சணல் கயிறு தொங்கியது. உள்ளே போகிறவர் அதை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு இரண்டு கையும் வேண்டுமே. திரும்பி வந்து மணமகள் அறையில் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே ஜெயபாண்டி மட்டும் மகளுக்கு உடுத்திக்கொண்டிருந்தான். பிள்ளைக்கு எல்லாம் அவன்தான் செய்வான் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். டயப்பரை என் முன்னாலேயே மாட்டி, இரண்டு பக்கமும் ஒட்டி, அதன் மேல் தட்டிக் காட்டினான். சாயங்காலம் வரைக்கும் ஒரு சொட்டு வெளியே வராது, உங்கள் பட்டுவேட்டிக்கு நான் கேரண்டி என்றான். நான் சிரித்துவைத்தேன். பிள்ளை என்னைப் பார்த்து இரண்டு பல்லைக் காட்டியது. எங்கள் அம்மா ஜாடை. இதன் மொட்டைக்கு வராமல் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன் என்றிருந்தது.

ஒன்பதரை ஆயிற்று, பத்தரை ஆயிற்று, காது குத்துகிற ஆசாரியைக் காணோம். மம்சாபுரத்தில் வேறொரு வீட்டு விசேஷத்துக்குப் போனவர் அங்கே மாட்டிக்கொண்டாராம். பன்னிரண்டுக்கு எமகண்டம் பிறந்துவிடும் என்று பெரியவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஒருவழியாகப் பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் வந்து இறங்கினார். பத்து நிமிடம் பொறுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்று வருமே. அதற்குள் பலகையில் உட்காரவைத்து, மாலை போட்டு, பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டார்கள். நான் வாங்கி வந்த கம்மல் தட்டில் இருந்தது.

சரியாக அப்போது என் சட்டைப்பையில் செல்போன் அலறியது. "சுகர் மாத்திரைக்கு நேரமாச்சு போல மச்சான்" என்று ஜெயபாண்டி கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னான். பிறகு போட்டுக்கொள்கிறேன் என்று அதை அமுக்கினேன். பிள்ளையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன்.

ஆசாரி குங்குமப் பொட்டு வைத்து அளவு பார்த்தார். பெண்கள் குலவை போட்டார்கள். முதல் காதில் கம்பி இறங்கியதும் பிள்ளை வீறிட்டு, வில்லாக வளைந்து, இரண்டு குதிகாலாலும் என் அடிவயிற்றில் ஓங்கி மிதித்தது.

தொடையில் சூடு இறங்குவது தெரிந்தது.

நிறுத்த முடியாது. அதை நிறுத்துகிற சாவி என்னிடம் இல்லை. பிள்ளை ஒரு பக்கம் கத்துகிறது, ஆசாரி தலையைப் பிடி தலையைப் பிடி என்கிறார், நான் தலையைப் பிடித்தேன். அடுத்த காதும் ஆயிற்று. மறுபடியும் குலவை. பிள்ளையின் பட்டுப்பாவாடை பின்பக்கம் நனைந்திருந்தது. என் வேட்டி முழங்கால் வரைக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. எழுந்தால் எல்லாரும் பார்ப்பார்கள். எழாமல் எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பேன்? முனீஸ்வரி பெண்கள் கூட்டத்துக்குள்ளிருந்து என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். முண்டியடித்து வரப் பார்த்தாள், முடியவில்லை.

பிள்ளையைத் தூக்க முதலில் குனிந்தது ஜெயபாண்டிதான். தூக்கினான். என் மடியைப் பார்த்தான். பாவாடைக்கு அடியில் அவன் கை போயிற்று. காலையில் அவனே மாட்டியதல்லவா? தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அவன் கண்ணும் என் கண்ணும் சந்தித்தன. முடிந்தது கதை, இனி ஆயுசுக்கும் எனக்கு விசேஷ வீடு கிடையாது என்று நினைத்தேன்.

அவன் பிள்ளையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபம் அதிரக் கத்தினான்.

"ஏட்டி சிவரஞ்சனி, மொட்டைக்கு மாமன் வரலேன்னு வச்சிருந்த கோவத்தையெல்லாம் இப்பிடியாடி தீத்துக்கிட்ட? மச்சான் பட்டுவேட்டி போச்சே!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பச்சைப்பிள்ளை மூத்திரம்தானே, கழுவினால் போகிறது என்றார் ஒரு பெரியவர். மாமனை மருமகளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது என்றாள் ஒரு அத்தை. காது குத்தியதும் தாய்மாமனுக்குப் புதுவேட்டி துண்டு வைத்து மரியாதை செய்வது எங்கள் பக்கத்து முறை. தாம்பாளத்தில் அது தயாராக இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செய்ய வேண்டியதை ஜெயபாண்டி அப்போதே எடுத்தான். புதுத்துண்டை உதறி விரித்து என் இடுப்பைச் சுற்றிப் போட்டு, கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, மாமன் புதுவேட்டி கட்டி வரட்டும், வழிவிடுங்கள் என்று என்னை மணமகள் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனான். என் இழுக்கிற கால்பக்கம்தான் அவன் தோளைக் கொடுத்திருந்தான். அது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

அறைக்குள் போனதும் அவன் எதுவும் பேசவில்லை. பேசாத ஜெயபாண்டியை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். பிள்ளையைப் பாயில் கிடத்தி டயப்பரைக் கழற்றினான். அது காய்ந்து, மடிப்புக் கலையாமல் இருந்தது. அதைச் சுருட்டிப் பிள்ளையின் துணிப்பை அடியில் செருகிவிட்டு மேலே ஒரு துணியைப் போட்டான். முனீஸ்வரி ஓடி வந்து கதவைச் சாத்தினாள். நான் புதுவேட்டியைக் கட்டிக்கொண்டேன். நனைந்ததை அவள் வாங்கிச் சுருட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் பொன்மணி வந்தாள். வந்தவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை, நேரே புருஷன்மேல் பாய்ந்தாள். எத்தனை தடவை சொன்னேன் டயப்பர் போடு போடு என்று, மொட்டைக்கு வராத எங்கண்ணன் இப்போதுதான் வந்திருக்கிறது, நாலு பேர் முன்னால் அதை இப்படி அசிங்கப்படுத்தவா வரச்சொன்னேன், வாய் மட்டும் ஊருக்கு முந்தி வருகிறது, ஒரு காரியம் உருப்படியாகத் தெரிகிறதா என்று பிடிபிடியென்று பிடித்தாள். அவள் மாமியார் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெயபாண்டி தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"மறந்துட்டேன் பொன்மணி" என்றான். அவ்வளவுதான்.

ஊரையே வாய்க்குள் போட்டுக்கொள்கிறவன், பெற்ற அம்மாவுக்கு முன்னால் பெண்டாட்டியிடம் திட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறான். எனக்காக. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இத்தனை நாள் இந்த மனுஷனுக்குப் பயந்து தங்கச்சியை அழவைத்தேனே என்று என்மேலேயே எரிச்சல் பொங்கியது.

"அவர ஏசாத பொன்மணி. பிள்ள நனைக்கல. நாந்தான்."

மாமியார்க்காரி மெல்ல நகர்ந்து போய்விட்டாள். பொன்மணி என்னைப் பார்த்தாள், முனீஸ்வரி கையில் இருந்த வேட்டிச் சுருட்டைப் பார்த்தாள். திரும்பாத நரம்பிலிருந்து டியூப் வரைக்கும் நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச்சொல்ல என் குரல் எனக்கே சின்னப்பையன் குரலாகக் கேட்டது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மொட்டைக்கு வராதது இதுக்குத்தானா?"

"ஆமா."

"அன்னைக்கு உன்ன என்ன பேச்சுப் பேசிட்டேன்" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் வந்துவிட்டது. முனீஸ்வரி ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததை ஓரமாக நின்று அழுதாள். பிள்ளை மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காது வலி ஞாபகம் வந்து அதுவும் ஆரம்பித்தது.

ஜெயபாண்டிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அவன் வாய் திறந்துகொண்டது.

"பதினோரு மாசமா இவளுக்குக் கழுவிவிட்டுக்கிட்டு இருக்கேன் மச்சான். எது எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்கா தெரியாது?"

அழுகையோடு எல்லாரும் சிரித்துவிட்டோம். பொன்மணி கண்ணைத் துடைத்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அப்போ சுகர்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மூத்திரத்துக்கு அழுததைவிட இதற்குத்தான் கோபம் வந்தது. எத்தனை தடவை வீட்டுக்கு வந்தாய், அத்தனை தடவையும் வெறுங்காபியைக் கொடுத்தேனே பாவி என்று எழுந்து போனாள். ஒரு வாழை இலைத் துண்டில் கைகொள்ளாத பால்கோவாவும், பெரிய செம்பு நிறையத் தண்ணீரும் கொண்டுவந்தாள். ஊட்டியே விட்டாள். நெய்யும் பாலும் தொண்டையில் இறங்கியபோது நான் சின்னப்பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். தண்ணீரையும் ஒரு மூச்சில் குடித்து முடித்தேன். முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு அதுதான் முதல் தண்ணீர்.

ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. தானாக வெட்டி இறங்கினால் பாதிதான் போகும். மீதியை வடிக்காவிட்டால் அரை மணி நேரத்தில் புதுவேட்டியும் போய்விடும், காய்ச்சலும் வந்து சேரும். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. அதுவரைக்கும் வெளியாள் ஒருத்தரிடமும் கேட்காததைக் கேட்டேன்.

"மாப்ள, நான் பாத்ரூம் போகணும். பத்து நிமிஷம் ஆகும். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல."

"நான் இருக்கேன், வாங்க" என்றான்.

டியூப் இருந்த பையை அவனே வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். சமையல்கட்டு வழியாகக் கூட்டிப்போய், பக்கெட்டில் நல்ல தண்ணீர் பிடித்து வைத்து, சோப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்து கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான். நான் கையைக் கழுவினேன்.

முதல் பந்தி முடிந்துவிட்டது போல. வெளியே ஆட்கள் சேருகிற சத்தம் கேட்டது. யாரோ அவசரம் என்றார்கள். யாரோ உள்ளே யார் இவ்வளவு நேரம் என்றார்கள். என் கை நின்றது.

"எங்க மச்சான் உள்ள இருக்காவ. செத்த நேரம் ஆகும், நில்லுங்க" என்று ஜெயபாண்டியின் குரல் கேட்டது. யாரோ முணுமுணுத்தார்கள். உடனே அவன் ஆரம்பித்தான். "ஆமா, எங்க மச்சான் ரசவாளியோட எங்க பெரியப்பா மடியில உக்காந்த கதை ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றார்கள். பாவம், வெளியூர்க்காரர்கள் போல. இலை எப்படி வழுக்கியது, வாளி எந்தப் பக்கம் கவிழ்ந்தது, பெரியப்பா எப்படிக் கையைக் கூப்பினார் என்று அவன் விஸ்தாரமாகச் சொல்லத் தொடங்கினான். கதவு அவன் முதுகுக்குப் பின்னால் அசையாமல் இருந்தது. நான் டியூபை எடுத்து நிதானமாக வேலையைப் பார்த்தேன். ஆறு வருடமாக எந்தக் கதையை எப்போது முடிப்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேனோ, அதே கதையை அன்றைக்கு இன்னும் கொஞ்சம் இழுத்துச் சொல்ல மாட்டானா என்று கேட்டுக்கொண்டு நின்றேன். அவனும் இழுத்துத்தான் சொன்னான்.